பாப்பாவுக்கு, அந்த சின்ன வாத்துக் குஞ்சோட கால் விஷயமா

பாப்பா,

நேத்து ராத்திரி நீ அனுப்புன வீடியோவ காலைல எழுந்ததும் பாத்தேன், அம்மாவும் பக்கத்துல உக்காந்து பாத்தா, நாலஞ்சு தடவ திருப்பித் திருப்பி போட்டோம். மத்ததெல்லாம் தத்தித் தத்தி ஓடுது, அது மட்டும் ரெண்டு காலும் ரெண்டு பக்கமா விரிஞ்சு போய், வயித்த தரையில வச்சுகிட்டு துடுப்பு போடற மாதிரி தள்ளிகிட்டே இருக்கு. பாக்கவே மனசு கேக்கல. போன்லயே சொல்லிருப்பேன், ஆனா கையில குஞ்ச வச்சுகிட்டு நீ நான் சொன்னத ஞாபகம் வச்சுக்க முடியாது, எழுதி வச்சா பக்கத்துல போன வச்சு பாத்து பாத்து செய்யலாம்ல, அதான் டைப் பண்றேன்.

மொதல்ல ஒண்ணு, யாரோ "இது பொழைக்காது, விட்டுடு"ன்னு சொன்னாங்கன்னு எழுதியிருந்தியே, அத காதுல வாங்காத. பொரிச்சு ஒரு நாள்தான் ஆகுது, எலும்பு இன்னும் இளசா இருக்கு, இப்ப பிடிச்சா பெரும்பாலும் நேராயிடும். ஆனா இன்னிக்கே செய்யணும். நாளைக்கு பாத்துக்கலாம், தானா எழுந்துக்கும்னு விட்டுடாத. நீ சின்னப் பிள்ளையா இருந்தப்ப நம்ம கிட்ட ஒரு குஞ்சு இப்படியே பொரிச்சுதே ஞாபகம் இருக்கா, மஞ்சள்ல தலையில மட்டும் ஒரு கருப்புப் புள்ளி? நான்தான் பாவம் கட்டி கிட்டி வலிக்கப் போகுது, ரெண்டு நாள்ல சரியாயிடும்னு சொன்னேன். அஞ்சாம் நாள்தான் கட்டுனேன், அதுக்குள்ள கால் அந்தக் கோணத்துலயே இறுகிப் போச்சு. நீ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையக் கூட கழட்டாம அதுகிட்ட போய் உக்காருவ, அத நெனச்சா இன்னிக்கும் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். அதனாலதான் இவ்வளவு அவசரப்படுத்தறேன்.

உன் தப்பான்னு கேட்டிருந்த. 28 நாள் முட்டைய பாத்து பாத்து வச்சிருக்க, நடுவுல கரண்ட் போய் இன்குபேட்டர் சூடு கொறஞ்சுதுன்ன, அதுவும் ஒரு காரணமா இருக்கலாம், முட்டைக்குள்ள காலு மடங்கியிருந்த விதத்துனாலயும் வரும். எது காரணம்னு இனிமே கண்டுபிடிக்க முடியாது கண்ணு, அத யோசிச்சு தூக்கத்த கெடுத்துக்காத. ஆனா வீடியோல எனக்கு பளிச்சுனு தெரிஞ்சது ஒண்ணு இருக்கு, பொட்டியில நியூஸ்பேப்பர் விரிச்சிருக்க. அது வழவழன்னு இருக்கும், ஈரம் பட்டா இன்னும் மோசம், நிக்கப் பாக்கற ஒவ்வொரு தடவையும் கால் வழுக்கி வெளியில போகும். இத படிக்கும்போதே எழுந்து போய் அத எடுத்துட்டு பழைய டவல விரி, நூல் நூலா பிரியாத டவலா பாரு, இல்லேன்னா விரல்ல சுத்திக்கும். நல்லா இருக்குற குஞ்சுங்களுக்கும் அதான் நல்லது.

இப்ப கட்டு. பேண்டெய்டு ஒண்ண எடுத்து நீளவாக்குல ரெண்டா வெட்டிக்க, ஒரு துண்டு போதும். நடுவுல பஞ்சு இருக்குற பாகம் ரெண்டு காலுக்கும் நடுவுல வரணும், ஒட்டற முனைய ஒவ்வொரு கால்லயும் முட்டிக்கு கீழ, பாதத்துக்கு மேல, சுத்தி அது மேலயே ஒட்டிடு. எவ்வளவு இடைவெளின்னா, நல்லா நிக்கற ஒரு குஞ்ச பின்னாலருந்து பாரு, அதோட ரெண்டு காலுக்கும் நடுவுல எவ்வளவு இருக்கோ அவ்வளவுதான், சுமாரா ஒரு இன்ச் வரும். சேத்து கட்டிட்டா அதால நிக்கவே முடியாது, அகலமா விட்டா கட்டியும் பிரயோஜனம் இல்ல. இறுக்கிடாத, கட்டுன பத்து நிமிஷம் கழிச்சு பாதத்த தொட்டுப் பாரு, ஜில்லுனு இருந்தாலோ வீங்குனாலோ நிறம் மாறுனாலோ உடனே அவுத்து தளர்த்திக் கட்டணும். இங்கன்னா அம்மா குஞ்ச ஒரு துணியில சுத்திப் பிடிச்சுக்குவா, நான் கட்டுவேன், ஒத்த ஆளா கஷ்டம், உன் ரூம்மேட்ட கூப்புட்டுக்க.

கட்டுனதும் அது தடுமாறி மல்லாக்க விழும், காலு கட்டியிருக்கறதால தானா திரும்ப முடியாது, அப்படியே விட்டா மல்லாக்க கெடந்தே செத்துப் போயிடும், அதனால மொத அரைமணி நேரம் நகராம பக்கத்துலயே இரு. ரெண்டு பக்கமும் சின்ன டவல சுருட்டி அணை மாதிரி வச்சிடு, நடுவுல அது நிக்கட்டும். கொஞ்ச நேரத்துல பழகிடும், தத்தக்கா பித்தக்கான்னு நடக்க ஆரம்பிக்கும். கட்டு ஈரமாயிடும், வாத்தாச்சே, அதனால தினம் ஒரு தடவ அவுத்து புதுசா கட்டு, குஞ்சு வளர வேகத்துக்கு நேத்து கட்டுனது இன்னிக்கு இறுகிடும். மூணு நாலு நாள்ல அவுத்துவிட்டு பாரு, நேரா நிக்குதுன்னா விட்டுடலாம், லேசா விரியுதுன்னா இன்னும் ஒரு நாள் ரெண்டு நாள் கட்டு.

சூடு குடுக்கற பல்ப பத்தி சொல்லணும். மொத வாரம் 32லருந்து 35 டிகிரி இருக்கணும்னு உனக்கே தெரியும், ஆனா மத்த குஞ்சு சூடு தாங்கலேன்னா தள்ளிப் போயிடும், இதால போக முடியாது. அதனால இது இருக்குற எடத்துல உன் கைய கொஞ்ச நேரம் வச்சுப் பாரு. வாயத் தொறந்து மூச்சு வாங்குனா சூடு ஜாஸ்தி, உடம்ப ஒடுக்கிகிட்டு விடாம கத்துனா குளிருது. மத்ததுங்க இது மேல ஏறி மிதிக்கும், ஆனா தனியா வச்சாலும் ஏங்கிப் போயிடும், நடுவுல ஒரு வலைத்தட்டி வச்சு கண்ணுக்குத் தெரியற மாதிரி வையி, இல்லேன்னா ரொம்ப சாதுவா ஒரு குஞ்ச தொணைக்கு விடு.

சாப்பாடு கவலப்படாத, வயித்துல இருக்குற மஞ்சக்கரு ஒரு நாளைக்கு மேலயே தாங்கும், அதுக்கப்பறம் தீவனத்த தண்ணி விட்டு கொழைச்சு அலகுகிட்ட வையி. தண்ணிதான் முக்கியம், அலக லேசா நனச்சு விட்டா குடிக்க கத்துக்கும். கிண்ணத்துல கூழாங்கல்லு போட்டு வை, கால் கட்டியிருக்குற குஞ்சு தண்ணிக்குள்ள குப்புற விழுந்தா எழுந்துக்காது. அப்பறம் நீ கோழிக்குஞ்சு தீவனம்தான போடற? வாத்துக்கு நியாசின்னு ஒரு வைட்டமின், பி3ன்னு சொல்லுவாங்க, அது கோழிய விட ஜாஸ்தி வேணும், கிலோ தீவனத்துக்கு 55 மில்லிகிராம் கணக்கு, கோழித் தீவனத்துல பெரும்பாலும் அவ்வளவு இருக்காது. அது கொறஞ்சா கொஞ்ச நாள் கழிச்சு கால் வளையும், முட்டி வீங்கும், நடக்காம உக்காந்தே இருக்கும். அந்த நியாசின் இருக்குற ப்ரூவர்ஸ் ஈஸ்ட் பொடி வாங்கி ஒரு கப் தீவனத்துக்கு ஒரு டேபிள்ஸ்பூன் கலந்து எல்லாத்துக்குமே போடு. ரொட்டிக்கு போடற ஈஸ்ட் வேற, அது வேண்டாம்.

ரெண்டு மூணு நாள் ஆனதும் கட்ட அவுத்துட்டு வெதுவெதுப்பான தண்ணியில அஞ்சு நிமிஷம் நீந்த விடு, வயித்துக்கு கீழ உன் கை இருக்கணும். தண்ணியில பாரம் தெரியாது, ரெண்டு காலையும் பின்னால தள்ளும், அதுக்கு இத விட நல்ல எக்ஸர்சைஸ் இல்ல. நான் பாத்ததுலயே மனசுக்கு நெறைவான விஷயம் அது, தரையில வெலவெலன்னு கெடக்குற காலு தண்ணிக்குள்ள போனதும் சவ்வ விரிச்சு ஒழுங்கா தள்ளும், அப்பதான் இதுக்குள்ள பலம் இருக்குன்னு நமக்கே நம்பிக்கை வரும். ஆனா இன்குபேட்டர் குஞ்சு தாய் இறகுக்குள்ள படுத்து வளரல, சீக்கிரம் ஊறிப்போய் நடுங்கும், எடுத்ததும் ஒத்தி தொடச்சு பல்புக்கு கீழ விட்டுடணும்.

கட்டறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு மட்டும் கவனமா பாரு. வெறும் விரிஞ்ச காலுதான்னா நான் சொன்னது போதும். விரல் மடங்கியிருந்தா அட்டையில பாதம் மாதிரி வெட்டி விரல விரிச்சு டேப் ஒட்டணும், அது வேற வைத்தியம். ஆனா ஒரு காலு மட்டும் முறுக்கிகிட்டு, பின்னால மடங்குற மூட்டு வீங்கியிருந்தா, அந்த மூட்டுக்குப் பின்னால ஓடற தடிச்ச தசைநாண் எடம் விட்டு நழுவியிருக்கலாம். நல்ல காலையும் இந்தக் காலையும் விரலால தடவிப் பாத்தா வித்தியாசம் தெரியும். அப்படின்னா நீ கட்டாத, இழுக்காத, அன்னிக்கே பறவை பாக்கற டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போ, வலி ஜாஸ்தி, தள்ளிப் போட்டா திரும்ப உக்காராது.

உன் வீடியோ மேலருந்து எடுத்ததால அந்த மூட்டு எனக்குத் தெரியல. கட்டறதுக்கு முன்னாடி போன தரையில வச்சு, குஞ்சுக்குப் பின்னாலருந்து எடுத்து அனுப்பு. அம்மா போன சார்ஜ்ல போட்டு தலைமாட்டுலயே வச்சிருக்கா, ராத்திரி எத்தன மணியானாலும் அனுப்பு.

அப்பா