முதலில் பொருளைக் காட்டுங்கள், பிறகு பேசுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கிய பிறகு, அறிவியல் மையங்களில் விமானம், விண்வெளி பற்றிப் பொதுமக்களுக்கான பேச்சு என்றால் குடும்பத்தோடு வருகிறார்கள். வந்தவர்களுக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் வரவேற்புரை, பொன்னாடை, வாழ்த்துரை. அதிலேயே அரை மணி நேரம் போய்விடுகிறது. பிறகு விளக்கை அணைத்து ஐம்பது அறுபது ஸ்லைடுகளை ஓட்டுகிறார்கள். எழுத்து மூன்றாவது வரிசைக்கே தெரிவதில்லை, பிள்ளைகள் தூங்கிவிடுகிறார்கள். அருங்காட்சியகத்துக்கே வந்தும் ஒரு பொருளையும் கிட்டே நின்று பார்க்காமல் வீடு திரும்புவது பெரிய இழப்பு.

சென்னை கோட்டூர்புரம் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையத்தில் நிற்கும் மாருத் போர் விமானத்தையே எடுத்துக்கொள்வோம். ஜெர்மானிய விமானப் பொறியாளர் குர்ட் டாங்க் தலைமையில் பெங்களூரில் வடிவமைக்கப்பட்டு, 1961 ஜூன் 17 அன்று முதன்முதலாகப் பறந்த ரகம் அது. பேச்சாளர் அதன் பக்கவாட்டில், காற்று உள்ளே போகும் வாய்க்கு அருகே நிற்கட்டும். அந்த வாயில் பாதிக் கூம்பு ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். ஒலியை மிஞ்சிய வேகத்தில் வரும் காற்றை, எஞ்சினுக்குள் போகுமுன் மட்டுப்படுத்துவதுதான் அதன் வேலை. இறக்கை சேரும் இடத்தில் உடல் இடுப்புபோல் ஒடுங்கியிருப்பதும் ஒலிவேகத்தை நெருங்கும்போது காற்று பின்னுக்கு இழுப்பதைக் குறைக்கத்தான். ஒலியைப் போல இருமடங்கு வேகத்துக்குப் போட்ட திட்டம் இது. ஆனால் நினைத்த எஞ்சின் கைக்கு வரவில்லை. ஆஃப்டர்பர்னர் (பின்பக்கம் கூடுதல் எரிபொருளை எரித்து உந்துதலைக் கூட்டும் அமைப்பு) இல்லாத இரண்டு ஆர்ஃபியஸ் 703 எஞ்சின்களோடு, மட்டமாகப் பறக்கையில் அதனால் ஒலிவேகத்தைத் தாண்ட முடியவில்லை. உடல் தயார், எஞ்சின் போதவில்லை. இதை அந்தக் கூம்பைக் காட்டிச் சொன்னால் பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும்.

ஒரு குழுவுக்கு 25 பேர், 20 நிமிடம் போதும். அதற்கு மேல் கூட்டினால் பின்னால் நிற்பவர்களுக்கு முதுகுதான் தெரியும். வெயிலில் தகடு சுடும், ஆகவே மாலை நாலரைக்கு மேல் வைக்க வேண்டும். தோளில் மாட்டும் சிறிய ஒலிபெருக்கி ஒன்று அவசியம்.

விண்வெளிப் பேச்சுக்கு ஒரு மணல் தட்டும், நிலவில் இறங்கும் கலமான லேண்டரின் கால் வைத்த சிறு மாதிரி ஒன்றும் இருந்தால் போதும். சந்திரயான்-2 லேண்டரின் கால்கள் தாங்க வேண்டிய இறங்குவேகம் விநாடிக்கு 2 மீட்டர். சந்திரயான்-3-இல் அதை 3 மீட்டராக உயர்த்தினார்கள். பூமியில் 20 செ.மீ. உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும் வேகம் முன்னது, 46 செ.மீ. உயரத்துக்குப் பின்னது. நம் கணக்கில் ஏறக்குறைய ஒரு சாண், ஒரு முழம். மாதிரியை முதலில் சாண் உயரத்திலிருந்தும் பிறகு முழ உயரத்திலிருந்தும் போட்டுக் காட்டுங்கள். மணலில் பதியும் குழியே வித்தியாசத்தைச் சொல்லிவிடும். மாதிரியின் கால்கள் விறைப்பாக இருந்தால் துள்ளிக் கவிழும். அடியில் நெளி அட்டையை மடித்து வைத்தால் அது நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்.

நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பக்கம் கிடைக்கும், நிலவின் மேட்டுப்பகுதிப் பாறையை ஒத்த அனார்தொசைட் பாறையை அரைத்துத்தான் இஸ்ரோ சோதனைக்கான நிலவு மண்ணைத் தயாரித்தது. அந்தப் பாறையில் உள்ளங்கை அளவுத் துண்டு ஒன்றைக் கைமாற்றி விட்டால், அதைத் தொட்டவர்கள் மறக்கமாட்டார்கள்.

கேள்வி நேரம் பெரியவர்களின் சொற்பொழிவாகிவிடக் கூடாது. நுழையும்போதே துண்டுச்சீட்டு கொடுத்து, பிள்ளைகள் எழுதியதை முதலில் படியுங்கள். மைக் இல்லாமல் யாராவது கேட்டால், பேச்சாளர் கேள்வியைத் திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் சொல்ல வேண்டும். 'நிலவில் விநாடிக்கு 3 மீட்டர் வேகம் வர எவ்வளவு உயரத்திலிருந்து விழ வேண்டும்?' என்று ஒரு பிள்ளை நிச்சயம் கேட்கும். அங்கே ஈர்ப்பு ஆறில் ஒரு பங்குதான் என்பதால் ஏறத்தாழ 2.8 மீட்டர், அதாவது கதவை விட உயரம். சுவரில் அந்த உயரத்தில் முன்கூட்டியே ஒரு கோடு போட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சென்னை