தொடையில் முட்டி இடித்தால் எண்ணெய் போட்டு உருவாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெங்களூருவில் ஆஸ்டின் டவுன், கௌதமபுரம், மர்பி டவுன் பக்கம் கால்பந்து ஆடும் பிள்ளைகளுக்கு எதிராளியின் முட்டி தொடையின் வெளிப்பக்கத்தில் இடிப்பது சகஜம். வீட்டுக்கு வந்ததும் எண்ணெயைச் சுடவைத்து உருவிவிடுவதும் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதும் அதைவிடச் சகஜம். முதல் சில நாட்களில் அந்தக் காலுக்கு இதைவிடக் கேடு வேறில்லை.

முட்டியை நீட்ட உதவும் நான்கு தொடைத் தசைகளில் மிகப் பெரியது வெளிப்பக்கத் தசையான வாஸ்டஸ் லேட்டராலிஸ். தொடை எலும்பின் மேல் முனையில் தொடங்கி, அதன் பின்விளிம்பு நெடுகப் பற்றி, முட்டிச்சில்லில் வந்து சேர்கிறது. இடி விழும்போது எதிராளியின் முட்டிக்கும் எலும்புக்கும் நடுவே இது நசுங்குகிறது. அதனால் எலும்பை ஒட்டிய ஆழத்தில்தான் ரத்தம் கட்டும். மேல்தோலில் அன்று ஒன்றும் தெரியாமலே போகலாம்.

அடிபட்ட சில நிமிடங்களுக்குள் செய்ய வேண்டியது முட்டியை மடக்குவது. வலி பொறுக்கும் அளவுக்கு, முடிந்தால் 120 டிகிரி வரை, குதிகாலைப் பிட்டத்தை நோக்கிக் கொண்டுவந்து, அதே நிலையில் கிரேப் பேண்டேஜால் (இழுபடும் கட்டுத்துணியால்) கட்ட வேண்டும். இழுபட்டு நிற்கும் தசை ரத்தக்கசிவை அழுத்தி நிறுத்தும். கால் மடங்கும் அளவும் குறையாது. துணி சுற்றிய ஐஸை 15 முதல் 20 நிமிடம், இரண்டு மூன்று மணிக்கொரு முறை வைக்கலாம். பலத்த அடியென்றால் 24 மணி நேரம் மடக்கியே வைத்து, ஊன்றுகோலுடன் நடக்கட்டும். விரல்கள் மரத்தாலோ நிறம் மாறினாலோ கட்டைத் தளர்த்துங்கள். வலி கூடிக்கொண்டே போய்த் தொடை கல்லாக இறுகினால் கட்டை அவிழ்த்து உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உள்ளழுத்தம் தசையையே அழித்துவிடும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் பெரியவர்களுக்குச் சின்ன இடியும் பெரிய ரத்தக்கட்டாகலாம்.

உருவினால் என்ன ஆகும்? கசிவு கூடும், நசுங்கிய தசைக்குள் எலும்பே வளரக்கூடும். இரண்டு மூன்று வாரத்தில் கட்டி கெட்டிப்பட்டு, மடங்கிய முட்டி மறுபடி மடங்க மறுப்பது அதன் அறிகுறி. முதல் வாரத்து எக்ஸ்ரேயில் அது தெரியாது. மூன்று நான்கு வாரம் கழித்தே தெரியும். அவசரப்பட்டு அறுவை செய்தால் மீண்டும் வளரும் என்பதால் மாதக்கணக்கில் பொறுக்க வேண்டியிருக்கும்.

ஓரிரு நாள் கழித்துக் குப்புறப் படுத்து முட்டியை மடக்கிப் பாருங்கள். 90 டிகிரிக்கு மேல் மடங்கினால் லேசான அடி, 45-க்கும் கீழே நின்றால் கடுமையானது. பயிற்சியைப் பிள்ளையே செய்ய வேண்டும். வேறு யாரும் காலைப் பிடித்து அழுத்தி மடக்கக் கூடாது. முட்டிக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து முட்டியால் 5 விநாடி அழுத்துவது பத்து முறை, காலை நேராகத் தூக்குவது, பிறகு இருக்கையை உயர்த்திய சைக்கிள், அதன் பின் அரைக் குந்தல், படியேற்றம் என்று போகலாம். மறுநாள் வலியோ வீக்கமோ கூடினால் ஒரு படி இறங்குங்கள்.

மற்றக் காலுக்குச் சமமாக மடங்கி, ஒற்றைக் காலில் குதித்தும் முழு வேகத்தில் ஓடியும் வலிக்காதபோதுதான் ஆட்டத்துக்கு அனுப்பலாம். சில வாரங்களுக்குத் தொடையில் பஞ்சுத் தடுப்பு கட்டி ஆடட்டும்.

இயன்முறை சிகிச்சையாளர்கள்,
அல்சூர், பெங்களூரு