வாசலில் நிற்பவருக்குச் சரிபார்ப்பு உண்டு, வார்டுக்குள் இருப்பவருக்கு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவமனை ஆயாக்கள், வார்டு உதவியாளர்கள், வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்ளும் ஹோம் நர்ஸ்கள் என நோயாளியைத் தொட்டுப் பணிபுரியும் அனைவரின் குற்றப் பின்னணியையும் சரிபார்ப்பது, வேலைக்கு வைப்பவரின் கட்டாயக் கடமையாக வேண்டும் என்பதையும், அந்தச் சரிபார்ப்பு எந்த எல்லையோடு நிற்க வேண்டும் என்பதையும் பற்றி எழுத விரும்புகிறேன்.

கடந்த ஆண்டு என் தந்தைக்குப் பக்கவாதம் வந்து, வலப்பக்கம் செயலிழந்து, பேச்சும் நின்றுபோனது. டிஸ்சார்ஜ் ஆகும்போது இரவுக்கு ஓர் ஆள் கட்டாயம் வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். ஓர் ஏஜென்சியில் பதிவுக் கட்டணமாக 1,500 ரூபாய் கட்டினோம். அன்று மாலையே ஓர் இளைஞர் கழுத்தில் ஏஜென்சியின் அடையாள அட்டையோடு வந்தார். மூன்று இரவுகள் நன்றாகவே கழிந்தன. நான்காம் இரவு எட்டு மணிக்குக் கதவைத் தட்டியவர் வேறொருவர். அவர் கழுத்தில் தொங்கியதோ அதே அட்டை, அதே பெயர், முதலில் வந்தவரின் புகைப்படம். போன் செய்து கேட்டதற்கு, "அவர் ஊருக்குப் போயிருக்கார் சார், இவரும் நம்ம பையன்தான், பயப்படாதீங்க" என்றார்கள். வற்புறுத்திக் கேட்ட பிறகு வாட்ஸ்அப்பில் வந்தது ஓர் ஆதார் நகல் மட்டும்; அதிலும் முகவரி இருந்த இடம் கறுப்பாக, படிக்க முடியாமல் இருந்தது. அன்றிரவு நான் அப்பாவின் கட்டிலருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு விழித்திருந்தேன். வந்தவர் எந்தத் தவறும் செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். விடியற்காலை மூன்று மணிக்கு அப்பாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகைத் துடைத்துப் பவுடர் போட்டுவிட்ட அவருடைய பக்குவம் எனக்கு வராது. என் குறை அவர்மீது அல்ல. கூப்பிட வாய் இல்லாத, எழுந்து நடக்கக் கால் இல்லாத ஒருவரிடம் யாரை அனுப்புகிறோம் என்பதை அனுப்பியவர்களே அறிந்திருக்கவில்லை என்பதுதான்.

இதில் விந்தை என்னவென்றால், அதே மருத்துவமனையின் வாசலில் பிரம்போடு நிற்கும் காவலாளிக்கு இந்தக் கேள்வி சட்டப்படி எழுந்துவிடுகிறது. 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், காவலாளியின் நடத்தையையும் முற்சரித்திரத்தையும் நிறுவனம் சரிபார்த்தே பணியில் சேர்க்க வேண்டும் என்கிறது. போக்சோ சட்டத்தின் கீழ் 2020-இல் வந்த விதிகள், பள்ளிகள், குழந்தைகள் காப்பகங்கள், விளையாட்டுப் பயிற்சி நிலையங்கள் போன்றவற்றில் குழந்தைகளோடு பழகும் ஒவ்வொரு பணியாளரையும், அவர் நிரந்தரமானவரோ ஒப்பந்தக்காரரோ, காவல் துறை மூலம் குறிப்பிட்ட கால இடைவெளியில் சரிபார்க்க வேண்டும் என்கின்றன. காவலாளியைத் தாண்டி உள்ளே போய் ஸ்ட்ரெச்சரைத் தள்ளுபவருக்கும், மயக்கம் தெளியாத பெண்ணுக்கு உடை மாற்றுபவருக்கும், எண்பது வயது மூதாட்டியைக் குளிப்பாட்டுபவருக்கும் இப்படி எல்லோரையும் கட்டுப்படுத்தும் ஒரு மத்தியச் சட்டம் கிடையாது. முதியோருக்கான வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்களைப் பதிவுக்குள் கொண்டுவர முயன்ற 2019-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புத் திருத்த மசோதாவும் நிறைவேறாமல், பதினேழாவது மக்களவையின் காலத்தோடு காலாவதியாகிவிட்டது.

கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் 2024 ஆகஸ்ட் 9 அன்று பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்ட வழக்கில், சாகும்வரை சிறை என்று 2025 ஜனவரியில் தண்டிக்கப்பட்டவர் மருத்துவமனை ஊழியரே அல்லர்; காவல் துறைக்கு உதவியாக அமர்த்தப்பட்ட ஒரு தன்னார்வலர். அங்கே பலியானவர் நோயாளி அல்லர் என்றாலும், அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் மேற்கு வங்க அரசிடம் கேட்ட கேள்வி நம் எல்லோருக்குமானது: இத்தகையவர்களை எந்தச் சட்டத்தின்படி, என்ன சரிபார்ப்பு செய்து பணியில் சேர்க்கிறீர்கள்? கேள்வி எழுந்தது உயிர் போன பிறகு.

தமிழ்நாட்டில் இதற்கான கருவி இல்லாமல் இல்லை. வேலைக்கு அமர்த்தப்படுபவர், வீட்டுப் பணியாளர், வாடகைதாரர் ஆகியோரைச் சரிபார்க்கக் காவல் துறையிடம் இணையவழியிலேயே விண்ணப்பிக்கலாம். அதற்குக் கட்டணம் உண்டு. ஆனால் அது நம் மாநிலக் காவல் நிலையங்களின் பதிவுகளை வைத்துத் தரப்படுவது. ஒடிசாவிலிருந்தோ அசாமிலிருந்தோ வேலை தேடி வந்தவரைப் பற்றி அது சொல்லக்கூடியது மிகக் குறைவு. நம்மூர்க்காரர் பெங்களூரில் ஏதேனும் செய்துவிட்டுத் திரும்பியிருந்தாலும் அப்படித்தான். பாலியல் குற்றங்களில் தண்டனை பெற்றவர்களின் தேசியத் தரவுத்தளத்தை மத்திய உள்துறை 2018 செப்டம்பரில் தொடங்கியபோதே அதில் 4.4 லட்சம் பதிவுகள் இருந்தன. அதைக் காவல் துறையும் விசாரணை அமைப்புகளும் மட்டுமே பார்க்க முடியும். அந்தப் பட்டியலைப் பொதுவில் விரித்துவைக்கச் சொல்லவில்லை; வைக்கவும் கூடாது. இன்னார் நோயாளிகள் நடுவே பணிபுரியத் தகுதியுள்ளவரா என்ற கேள்விக்கு 'ஆம்', 'இல்லை' என்று மட்டும் காவல் துறை விடை தந்தால் போதுமானது.

அமெரிக்காவில் 2010-ஆம் ஆண்டின் சுகாதாரச் சீர்திருத்தச் சட்டத்திலேயே, நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் நோயாளிகளை நேரடியாக அணுகும் பணியாளர்களின் பின்னணியைக் கைரேகை வழியாகச் சரிபார்க்க மாநிலங்களுக்கு நிதியுதவி வைத்தார்கள். அந்நாட்டுச் சுகாதாரத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2011-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஆய்வில் எடுத்துக்கொண்ட முதியோர் மருத்துவ இல்லங்களில் 92 சதவீதத்தில், தண்டனை பெற்றவர் ஒருவராவது வேலையில் இருந்தார். இந்த எண்ணைக் கேட்டவுடன் பதறத் தோன்றும். ஆனால் மொத்தப் பணியாளர்களில் அப்படிப்பட்டவர்கள் 5 சதவீதம்தான். அந்தக் குற்றங்களிலும் கடைத் திருட்டு, செல்லாத காசோலை போன்ற சொத்துக் குற்றங்களே அதிகம். பதற்றத்தில் போடப்படும் விதி எல்லோரையும் ஒரே கயிற்றால் கட்டிவிடும் என்பதால் இதைச் சொல்கிறேன்.

நம் நாட்டில் அந்தக் கயிறு யார் கழுத்தில் முதலில் விழும் என்பதை ஊகிக்கக் கடினமில்லை. முதல் தகவல் அறிக்கையில் பெயர் இருப்பதும் குற்றவாளி என்று தீர்ப்பாவதும் ஒன்றல்ல. கூடங்குளம் போராட்டத்தின்போது கடலோர மக்கள் ஆயிரக்கணக்கானோர் மீது வழக்குகள் பதிவாயின. அந்த ஊர்ப் பெண் ஒருவர் இன்று நர்ஸிங் உதவியாளராக வேலைக்கு விண்ணப்பித்தால், காவல் நிலைய ஏட்டைப் பார்த்து அவரை ஒதுக்குவது நியாயமா? குற்றப்பரம்பரைச் சட்டம் ஒழிந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் சில சமூகத்தினரைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கும் பழக்கம் முற்றாகப் போய்விடவில்லை. ஆகையால் நீதிமன்றத் தண்டனை மட்டுமே கணக்கில் வர வேண்டும். பாலியல் குற்றம், உடல் வன்முறை, பராமரிப்பில் இருந்தவரை ஏமாற்றிப் பொருள் பறித்தது போன்றவற்றுக்கே தடை இருக்க வேண்டும். இருபது வயதில் செய்த சில்லறைத் திருட்டுக்காக நாற்பது வயதுப் பெண்ணின் பிழைப்பில் மண் விழக் கூடாது. மறுக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்ய வழி வேண்டும். விண்ணப்பக் கட்டணத்தை அந்தப் பணியாளரின் கூலியில் பிடிக்கக் கூடாது. எங்களிடம் வாங்கிய 1,500 ரூபாய் எதைப் பதிவு செய்வதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

சான்று ஒன்றை வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதும் தவறு. அமெரிக்காவின் நியூஜெர்சி, பென்சில்வேனியா மாநிலங்களில் சார்லஸ் கல்லன் என்ற ஆண் செவிலியர் பதினாறு ஆண்டுகளில் ஒன்பது மருத்துவமனைகளிலும் ஒரு முதியோர் இல்லத்திலும் வேலை பார்த்தார். 2003-இல் கைதானபோது 40 பேர் வரை கொன்றிருக்கலாம் என்று அவரே சொன்னார். சில இடங்களில் அவர்மீது சந்தேகம் எழுந்தபோது, வெளியே அனுப்பினார்களே தவிர, ஏன் அனுப்பினோம் என்பதை அவரை அடுத்து வேலைக்கு எடுத்த மருத்துவமனையிடம் சொல்லவில்லை. வழக்குக்கு அஞ்சியும் பெயர் கெடும் என்று அஞ்சியும் வாயை மூடிக்கொண்டார்கள். அதன் பிறகே, முன்னாள் பணியாளரைப் பற்றிய உண்மையை மறைக்கக் கூடாது என்று நியூஜெர்சி 2005-இல் சட்டம் செய்தது. நம்மூரிலும் ஒரு மருத்துவமனையில் புகார் எழுந்தால், "நீயே நின்றுகொள்" என்று கணக்கை முடித்து அனுப்பிவிடுவதுதான் வழக்கம். மறுவாரம் அவர் அடுத்த தெரு மருத்துவமனையில் இருப்பார். காவல் நிலைய ஏட்டில் ஒருபோதும் ஏறாத இந்தச் செய்தியை, நடந்ததை நடந்தபடி எழுதித் தரும் நிறுவனத்துக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தால்தான் வெளியே கொண்டுவர முடியும்.

புதிய சட்டம் வரும்வரை அரசு காத்திருக்க வேண்டியதில்லை. அரசு மருத்துவமனைகளின் துப்புரவு, வார்டு உதவிப் பணிகள் ஒப்பந்த நிறுவனங்களிடம் விடப்பட்டுள்ளன. அடுத்த டெண்டர் அறிவிப்பிலேயே மூன்று நிபந்தனைகளைச் சேர்க்கலாம். வார்டுக்குள் வரும் ஒவ்வொருவருக்கும் நிறுவனத்தின் செலவில் சரிபார்ப்பு நடந்திருக்க வேண்டும். அதை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மாற்று ஆள் வரும் நாளில் அவருடைய சான்றை வார்டு பொறுப்புச் செவிலியர் பார்த்த பிறகே உள்ளே விட வேண்டும். வீடுகளுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகளைப் பொறுத்தவரை, மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் பதிவு செய்யவைத்து, அனுப்பப்படுபவரின் படத்தையும் சரிபார்ப்பு எண்ணையும் அவர் கதவைத் தட்டுவதற்கு முன்பே குடும்பத்தாரின் கைபேசிக்கு அனுப்பச் சொல்லலாம். மக்கள் நல்வாழ்வுத் துறையும் காவல் துறையும் சேர்ந்து இதைத் தொடங்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.