தாத்தா ஏன் உட்காரவில்லை

அன்புள்ள கயல்,

நீ தாலுகா ஆபீசில் சேர்ந்த அன்று, தாசில்தார் நாற்காலியைக் காட்டியும் தாத்தா உட்காராமல் நின்றது உனக்குச் சங்கடமாகிவிட்டது என்றாய். "தாத்தா அதிகாரியப் பார்த்தா குனியறார், நீங்க எகிறுறீங்க. ஒரே வீட்ல எப்படி சித்தப்பா?" என்று வேறு கேட்டாய். இரண்டும் ஒரே வயலில் விளைந்ததுதான்.

தாத்தாவின் அப்பா கீழத்தஞ்சையில் பண்ணையாள். சவுக்கடியும், சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பால் தண்டனையும் அவருக்குக் கதையல்ல. 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது, விவசாயத் தொழிலாளர் சங்கமும் வலுத்தது. ஆனாலும் களத்தில் கூலி நெல் அளக்கும்போது நிலக்காரர்கள் மரக்காலைத் தலைதட்டி அளப்பார்கள். அதே மரக்காலில் பண்ணையாட்கள் திருப்பி அளக்கும்போது கோபுரமாகக் குவிக்க வேண்டும். அதைப் பக்கத்தில் நின்று பார்த்த பையன்தான் உன் தாத்தா.

1968 டிசம்பர் 25 இரவு, அதே கீழத்தஞ்சையில் வெண்மணி கிராமம். அங்கே கூலியாட்கள் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டார்கள், சங்கத்தின் செங்கொடியை இறக்க மறுத்தார்கள். ஒரே குடிசைக்குள் ஓடி ஒளிந்த 44 பேர் எரிந்துபோனார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும்.

அந்த நெருப்பைவிடத் தாத்தாவைக் குனிய வைத்தது தீர்ப்புதான் என்பது என் எண்ணம். கீழ்க்கோர்ட்டு தண்டித்த மிராசுதார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. தீர்ப்பு சொன்ன காரணம் இது: அவர்கள் பெரும் நிலக்காரர்கள், அதில் ஒருவரிடம் கார்கூட இருந்தது. அப்படிப்பட்டவர்கள் வேலைக்காரர்கள் துணையில்லாமல் தாங்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்தார்கள் என்பதை நம்ப நீதிமன்றத்துக்குக் கஷ்டமாக இருந்ததாம். அதற்குமேல் நாற்காலியில் இருப்பவரிடம் என்னத்தைப் பேசுவது என்று தாத்தா முடிவு கட்டிவிட்டார். நான் அந்தத் தீர்ப்பைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவன். நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாலும், அவர் வாயைத் திறக்குமுன்னே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். பாவம், நல்ல ஆட்களும் என்னிடம் வாங்கிக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் இரண்டு பேரிலும் சேராதவள் உன் அப்பாயி. 1969-இல் நியாயக் கூலிச் சட்டம் வந்ததல்லவா, அதில் எவ்வளவு என்று சங்கத்தில் கேட்டு மனப்பாடம் பண்ணி வைத்திருப்பாள். களத்தில் மிராசுதாரை "ஐயா" என்றும் சொல்லமாட்டாள், திட்டவும் மாட்டாள். "அளவு குறையுது, திரும்ப அளங்க" என்பாள். அளந்து முடிகிறவரை இடத்தைவிட்டு நகரமாட்டாள். அந்தத் தைரியம் தனியாக வந்ததில்லை. பின்னால் இருபது பேர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

உன் மேஜைக்கு இனிமேல் தாத்தா மாதிரியும் வருவார்கள், என்னை மாதிரியும் வருவார்கள். எகிறுபவனிடம் நீயும் எரிந்து விழாதே. நிற்பவரை உட்காரச் சொல்லு. உட்காராவிட்டால் வற்புறுத்தாமல், நீ எழுந்து மனுவை வாங்கிக்கொள். யாராக இருந்தாலும் கையோடு ரசீது கொடுத்துவிடு. அப்பாயி இருந்தால் அதைத்தான் முதலில் கேட்டிருப்பாள்.

அப்புறம், என் பட்டா மாறுதல் விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. அடுத்த வாரம் வருகிறேன். உன்னிடம் வரமாட்டேன், வரிசையில்தான் நிற்பேன்.

அன்புடன்,
சித்தப்பா