வசந்திக்கு, கார்டு ஆர்டர் போடறதுக்கு முன்னாடி

அன்புள்ள வசந்தி,

உன் வாய்ஸ் மெசேஜை ரெண்டு தடவ கேட்டேன். சின்னவளுக்கு வேலை கெடச்சது ரொம்ப சந்தோஷம்டி. ஆனா நீ அப்பார்ட்மென்ட் செக்ரட்டரி ஆனதுக்கு மட்டும் வாழ்த்து கெடையாது, ரெண்டு வருஷம் அந்த வேலைய பாத்து வாங்கிக் கட்டிக்கிட்டவ நான், தண்ணி லாரி, லிஃப்ட், நாய் பஞ்சாயத்து எல்லாத்தயும் விட, கதவோரப் பெட்டியில, அதான் ரீடர்ல, காட்டினா தெறக்கற இந்த கேட் கார்டுதான் என்னை படுத்தி எடுத்துச்சு.

நீ பாட்டுக்கு எல்லாம் ஒரே வெள்ளக் கார்டுதானே, ஆன்லைன்ல 200 போட்டுடறேன்னு சொல்ற. போட்டுடாத. நானும் அப்படித்தான் மாட்டினேன். புதுசா குடி வந்தவங்க, வீட்டு வேலைக்கு வர்ற அக்காங்க, டிரைவருங்கன்னு 60 பேருக்கு தேவைப்பட்டுச்சு, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போயி பழைய நீலக் கலர் டேக்க, அதான் சாவிக்கொத்துல மாட்டற குட்டிக் கார்ட, காட்டி இதே மாதிரி குடுப்பான்னேன், கடைப் பையனும் அதே நீலம் அதே சைஸ்ல எடுத்துக் குடுத்துட்டான். வந்து ரீடர்ல வெச்சா ஒரு பீப் கூட இல்ல. ரீடர்தான் போச்சுன்னு நெனச்சு டெக்னீஷியன வேற கூப்ட்டு விசிட் சார்ஜ் அழுதேன்.

அவர் புது டேக்க தன் போன் முதுகுல வெச்சார், டிங்னுச்சு. பழச வெச்சார், கம்முனு இருந்துச்சு. அவ்ளோதான் மேட்டர். எங்க ரீடர் பேசற அலைவரிசை 125 கிலோஹெர்ட்ஸ், நான் வாங்கிட்டு வந்தது 13.56 மெகாஹெர்ட்ஸ், போன்ல கிட்ட வெச்சா கார்டப் படிக்கற வசதி இருக்கே, என்எஃப்சி, அதுக்கு இந்த ரெண்டாவதுதான் தெரியும். மெல்லிசு வெள்ளக் கார்டா இருந்தா பின்னாடி டார்ச் அடிச்சும் பாக்கலாம், உள்ள கம்பிச் சுருள் வட்டமா இருந்தா பெரும்பாலும் 125, ஓரத்த ஒட்டி செவ்வகமா ஓடினா 13.56.

சரி 125ன்னு கேட்டு வாங்கிட்டா முடிஞ்சுதான்னா அதுவும் இல்ல. அதுலயே ஈஎம்னு ஒரு வகைக் கார்டு, எச்ஐடி ப்ராக்ஸ்னு இன்னொரு வகை, அலைவரிசை ஒண்ணுதான் ஆனா பேசற பாஷை வேற. ஈஎம் மட்டும் தெரிஞ்ச ரீடர்ல எச்ஐடி கார்ட வெச்சா திரும்பிக் கூட பாக்காது.

அடுத்த கூத்து நம்பர். ஈஎம் கார்டுல ரெண்டு நம்பர் அடிச்சிருப்பான், 0012345678னு பத்து இலக்கம், பக்கத்துல 188,24910னு. ரெண்டும் ஒண்ணேதான்டி, அந்தப் பெரிய நம்பர 65536ஆல வகுத்தா ஈவு 188, மீதி 24910. ரீடர் இத 26 பிட்ல, அதாவது 26 சைபர்-ஒண்ணா, கதவத் தெறக்கற கன்ட்ரோலர் பெட்டிக்கு அனுப்பறப்போ முன்னாடி உள்ளது ஃபெசிலிட்டி கோடு, அதாவது இடத்துக்கான நம்பர், அது 255 வரைக்கும்தான் போகும், பின்னாடி உள்ளது கார்டு நம்பர், அது 65535 வரைக்கும். எங்க சாஃப்ட்வேர் கேட்டது கமா போட்ட ரெண்டாவது நம்பர, நான் ராத்திரி 11 மணி வரைக்கும் உக்காந்து 60 பேருக்கும் பத்து இலக்கத்த அடிச்சு வெச்சிருக்கேன், காலையில ஒரு கதவும் தெறக்கல. பால் பாக்கெட் போடற பையன் என்னைப் பாத்த பார்வை இருக்கே!

இன்னொண்ணு, ஈஎம் டேக்க நகல் எடுக்கறது ரொம்ப சுலபம், சாவிக் கடையில ஒரு நிமிஷத்துல பண்ணிக் குடுத்துடறாங்க. காலி பண்ணிட்டுப் போனவங்க டேக்க திருப்பிக் குடுத்துட்டாங்களேன்னு சும்மா இருக்காத, அந்த நம்பரயே சாஃப்ட்வேர்ல எடுத்துடு, நகலுக்கும் அதே நம்பர்தாங்கறதால அதுவும் சேந்து செத்துடும். உங்க பில்டிங்ல ரீடரே புதுசா மாட்டப் போறீங்கன்னா 13.56ல வர்ற மைஃபேர் கிளாசிக் கார்டு பாதுகாப்பானதுன்னு எவனாவது விக்க வந்தா தலையாட்டாத, அதோட பூட்ட 2008லயே நெதர்லாந்துல ஒரு பல்கலைக்கழகத்துக்காரங்க ஒடச்சுக் காட்டிட்டாங்க. அதே மைஃபேர்ல டெஸ்ஃபயர்னு இன்னும் பலமான வகை இருக்கு, அதக் கேளு, கூடவே ரீடர் கார்டோட யுஐடிய, அதாவது யாரும் படிக்கக்கூடிய அடையாள நம்பர, மட்டும் படிச்சுட்டு கதவத் தெறக்குமா இல்ல உள்ள இருக்கற ரகசிய சாவிய சரிபாக்குமான்னு கேளு, யுஐடி மட்டும்னா டெஸ்ஃபயருக்குக் குடுத்த காசு தண்டம். பழைய கார்டயும் கொஞ்ச நாள் ஓட்டணும்னா ரெண்டு அலைவரிசையும் படிக்கற ரீடர் இருக்கு, வெல கொஞ்சம் கூட.

எங்க வீட்டுக்காரர் ஆபீஸ் கார்டயும் வீட்டுக் கார்டயும் ஒரே பர்ஸ்ல வெச்சுக்கிட்டு ரீடர்ல தேய் தேய்னு தேய்ப்பார், ரெண்டும் 125, ஒண்ண ஒண்ணு பேச விடாம கத்தும், கதவு தெறக்காது. நான்தான் ஓட்டைக் கார்டு வாங்கிட்டேன்னு ஒரு மாசம் திட்டு.

நீ இப்போ பண்ண வேண்டியது, பழைய கார்டோட ரெண்டு பக்கமும், ரீடர் மேல இருக்கற பேரும் மாடலும் தெரியற மாதிரி போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. அதப் பாத்துட்டு 5 சாம்பிள் மட்டும் வாங்கு, கேட், லிஃப்ட், மொட்டமாடிக் கதவு எல்லாத்துலயும் வெச்சுப் பாரு, அப்புறம் 200.

முட்டி வலி அப்படியேதான் இருக்கு. தை மாசம் கோயம்புத்தூர் வரேன், நார்த்தங்கா ஊறுகா போட்டு வை.

உன்
கௌரி