“அணிந்திருப்பதே தெரியாது” என்று விற்ற துப்பாக்கி உறை பற்றிய புகார்

அனுப்புநர்
நகை மொத்த வியாபாரி,
அல்சூர், பெங்களூரு.
(பெயரும் முகவரியும் உங்கள் பில்லில் உள்ளபடி)

பெறுநர்
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

நாள்: 18.08.2025

பொருள்: 2025 மார்ச் மாதம் உங்கள் இணையக் கடையில் வாங்கிய, கால்சட்டையின் இடுப்புப் பட்டிக்குள் செருகும் ரிவால்வர் உறை – பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரியீர்,

கடந்த வாரம் உங்கள் அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு பதில் வந்தது. “இடுப்புச் சுற்றளவு அதிகமுள்ளவர்களுக்குத் தொடக்கத்தில் சிறு அசௌகரியம் இருக்கலாம், பழகினால் சரியாகிவிடும்” என்று அதில் எழுதியிருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் எனக்குத் தொந்தி இருப்பதை வீட்டுக் கண்ணாடி இலவசமாகவே சொல்லிக்கொண்டிருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள உங்களுக்கு 2,450 ரூபாய் கட்ட வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. ஐந்து மாதம் பழகியும் பார்த்துவிட்டேன். வலது இடுப்பெலும்பின் மேல் ஒரு காய்ப்பு ஏறியதுதான் மிச்சம்.

என் தொழிலைச் சொன்னால்தான் என் குறை விளங்கும். நகரத்பேட்டைப் பட்டறைகளில் செய்து முடித்த நகைகளை எடுத்துக்கொண்டு சிக்பேட்டை, கமர்ஷியல் தெரு, மல்லேஸ்வரம் என்று கடை கடையாகப் போகிறேன். கான்பூர் அரசுத் தொழிற்சாலையில் செய்த .32 ரிவால்வர் ஒன்றை நகரக் காவல் ஆணையர் அலுவலகம் கொடுத்த உரிமத்தோடு பதினோரு ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். ஒரு நாளும் அதை வெளியே எடுக்க நேர்ந்ததில்லை. முருகன் அருளால் இனியும் நேர வேண்டாம். முன்பெல்லாம் நகைப் பையிலேயே அதையும் போட்டுக்கொண்டு போவேன். பையைப் பறித்துக்கொண்டு ஓடுகிறவனுக்கு நகையோடு துப்பாக்கியையும் சேர்த்துக் கொடுக்கும் ஏற்பாடு அது என்பது எனக்கு உறைக்க வெகு காலமாயிற்று. உறைத்த பிறகுதான் இடுப்புக்கு மாறினேன்.

உங்கள் விளம்பரத்தில் மூன்று வாக்குறுதிகள் இருந்தன: நாள் முழுவதும் அணிந்தாலும் அணிந்திருப்பதே தெரியாது, எல்லாக் கைத்துப்பாக்கிகளுக்கும் பொருந்தும், அசல் தோல். படத்தில் ஒல்லியான இளைஞர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். நான் கவனித்திருக்க வேண்டியது அதைத்தான். நின்றுகொண்டே இருக்கிறவருக்கு எந்த உறையும் உறுத்தாது.

நான் காலை பத்து மணிக்கு இடுப்பில் செருகினால் இரவு எட்டு மணிக்குத்தான் கழற்றுவேன். இடையில் ஸ்கூட்டர், படிக்கட்டு. அதைவிட முக்கியமாக, எங்கள் பேட்டையில் பாதிக் கடைகளில் இன்றும் தரையில் மெத்தை விரித்துச் சம்மணமிட்டு உட்கார்ந்துதான் வியாபாரம். உட்கார்ந்தவுடன் உறையின் அடிமுனை தொடையிடுக்கில் குத்துகிறது, ரிவால்வரின் பிடி விலாவில் ஏறி இடிக்கிறது. உறையைச் சற்று முன்புறம் சாய்த்து வைக்க முடிந்தால் இந்தத் தொல்லையில் பாதி குறையும். “சாய்வை மாற்றிக்கொள்ளலாம்” என்று உங்கள் பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்கிறது. உறையில் இருப்பதோ ஒரே ஒரு திருகு, ஒரே ஒரு துளை. ஒரு துளையை வைத்துக்கொண்டு எதை எங்கே மாற்றுவது?

தோட்டாவே இல்லாமல் என் ரிவால்வரின் எடை சுமார் 700 கிராம். 2014-இல் அதே கான்பூரிலிருந்து வந்த நிர்பீக் என்ற இலகு ரிவால்வர் 500 கிராம்தான். என்னுடையது அதற்கு முந்தைய மாதிரி. இந்த எடையை இடுப்பில் நிறுத்துவது உறையின் கிளிப்பும் பெல்ட்டும்தான். ஒன்றரை அங்குல அகலத்தில் கெட்டியான பெல்ட் வேண்டும் என்று தெரிந்து, சிவாஜிநகரில் தனியாகச் சொல்லித் தைத்து வாங்கினேன். உங்கள் கிளிப் அந்தப் பெல்ட்டைக் கவ்வவில்லை, மேலே தொத்திக்கொண்டு நிற்கிறது. முதல் வாரமே என் மனைவி, “என்னங்க, இடுப்பில் குடம் வைத்துக்கொண்டு நடக்கிற மாதிரி நடக்கிறீர்களே” என்றாள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என் கை தானாக இடுப்புக்குப் போய் எதையோ தூக்கிவிடுகிறது. மறைத்து வைத்திருக்கிறேன் என்பதைத் தெருவுக்கே பறையறிவிக்க இதைவிட நல்ல வழி கிடையாது. வழிப்பறிக்காரன் தேடுவதே இப்படி இடுப்பைத் தொட்டுப் பார்க்கிற ஆளைத்தான்.

ஏப்ரல் 30, அட்சய திருதியை. எங்களுக்கு மூச்சு விட நேரமில்லாத நாள். கடை ஒன்றில் குனிந்து நகைத்தட்டை எடுத்தபோது கிளிப் பெல்ட்டை விட்டு நழுவியது, உறை சாய்ந்தது, சட்டை மேலேறியது. எதிரில் மகளுக்கு வளையல் பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் துப்பாக்கிப் பிடியைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அவர் மேல் தப்பே இல்லை. போன வியாபாரத்தைக்கூட விட்டுவிடுகிறேன். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கியை அதற்கென்று செய்த உறையில் உடலோடு சேர்த்து வைத்திருக்க வேண்டும். அது முழுவதும் மறைந்திருக்க வேண்டும். வைத்திருப்பவரின் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும். உங்கள் உறையால் அன்று இதெல்லாம் ஒரே நொடியில் கெட்டது. யாராவது காவல் நிலையத்துக்குப் போன் செய்திருந்தால் பதில் சொல்ல வேண்டியவன் நான். உங்கள் விளம்பர இளைஞர் வந்து நிற்கமாட்டார்.

இனி “எல்லாவற்றுக்கும் பொருந்தும்” என்ற வாசகம். நான் நகைக்காரன். கல்லின் அளவுக்குக் குழி வெட்டித்தான் பதிப்போம். எல்லாக் கல்லுக்கும் ஒரே குழி என்று எந்த ஆசாரியாவது சொன்னால் அவரிடம் யாரும் தங்கம் கொடுக்க மாட்டார்கள். தட்டையான பிஸ்டலுக்கும், நடுவில் ஆறு தோட்டா உருளை புடைத்து நிற்கும் ரிவால்வருக்கும் ஒரே உறை எப்படிப் பொருந்தும்? உங்கள் உறையில் உருளை இருக்கும் இடம் பிதுங்குகிறது, குழல் இருக்கும் இடம் தொளதொளக்கிறது. இரவில் கழற்றும்போது துப்பாக்கியை இழுத்தால் சில நாள் உறையும் கூடவே வருகிறது.

இதைவிடப் பெரிய குறை உறையின் வாய். துப்பாக்கியை எடுத்த கணமே வாய் சப்பென்று ஒட்டிக்கொள்கிறது. திரும்பச் செருக இடது கை விரல்களால் வாயைப் பிரித்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் அந்த விரல்கள் எதற்கு முன்னால் இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். குழலுக்கு நேர் முன்னால். மடிந்த தோல், விசையைச் சுற்றியுள்ள காப்பு வளையத்துக்குள் நுழைந்து விசையில் மாட்டிக்கொள்ளும் ஆபத்து வேறு. நல்ல உறையின் வாயில் கெட்டியான பட்டை வைத்துத் தைத்திருப்பார்கள், அல்லது கைடெக்ஸ் போன்ற கெட்டி பிளாஸ்டிக்கில் அந்தத் துப்பாக்கியின் வடிவத்துக்கே வார்த்திருப்பார்கள். விசைப் பகுதி முழுவதும் மூடியிருக்கும், ஒற்றைக் கையால் செருகலாம். குடகு மடிக்கேரியைச் சேர்ந்த என் நண்பரின் வீட்டில் அவருடைய அப்பா காலத்துத் தோல் உறை ஒன்று இருக்கிறது. வெளிப்புறம் பெல்ட்டில் கோக்கிற பழைய பாணி. குடகர்கள் துப்பாக்கிக்குப் பூசை போடுகிறவர்கள், பொருளை அப்படித்தான் வைத்திருப்பார்கள். அந்த உறையின் வாய் இன்றும் திறந்தே நிற்கிறது.

தோலைப் பற்றி நான் பேசாமலிருக்க முடியாது. என் தாய்வழி ஊர் ஆம்பூர். ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோலின் வாசனையில் வளர்ந்தவன். நீங்கள் அனுப்பியது குரோமிய உப்பில் பதனிட்ட மெல்லிய தோல். பணப்பைக்கு நல்லது, செருப்பின் மேல்வாருக்கு நல்லது. விறைப்பில்லாததால் துப்பாக்கியின் வடிவத்தை அது பிடித்து வைக்காது. உடம்பின் பக்கம் வியர்வையைத் தடுக்க ஒரு மடிப்புகூட நீங்கள் விடவில்லை. மே மாத வியர்வையில் உருளையின் மேல் துருப்புள்ளிகள் வந்துவிட்டன. இரவில் உறையோடு வைக்காமல் துடைத்து, எண்ணெய் பூசிப் பூட்டிவைக்கிறவன் நான். அப்படியும் இந்த நிலை. சாயம் இறங்கிப் பாழான வெள்ளைச் சட்டைகள் நான்கு.

பத்து நாளுக்குள் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும் என்கிறீர்கள். உறையோடு வைத்து அனுப்பிய உங்கள் காகிதத்திலேயே “தோல் உடலுக்குப் படிய மூன்று வாரம் ஆகும், பொறுத்திருங்கள்” என்று இருக்கிறது. பொறுத்திருந்தால் கெடு முடிந்துவிடும், கெடுவுக்குள் அனுப்பினால் பொறுக்கவில்லை என்பீர்கள். இந்தக் கணக்கைப் போட்டவரை நான் பாராட்டுகிறேன்.

மே 12, ஜூன் 3 ஆகிய நாள்களில் மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்று முறை தொலைபேசியிலும் பேசினேன். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். விளம்பரத்தில் சொன்ன தன்மைகள் பொருளில் இல்லையென்றால் திரும்பப் பெற மறுக்கக்கூடாது என்பதும் அதே விதிகளில் உள்ளது. எனக்குக் கிடைத்த ஒரே தீர்வு என் தொந்தியைப் பற்றிய ஆராய்ச்சி.

எனவே 2,450 ரூபாயை முழுதாகத் திருப்பித் தர வேண்டும். உறையை எடுத்துச் செல்ல உங்கள் செலவில் கூரியர் அனுப்ப வேண்டும். “எல்லாக் கைத்துப்பாக்கிகளுக்கும்” என்ற சொற்களை விளம்பரத்திலிருந்து எடுத்துவிட்டு, எந்தெந்த மாதிரிகளுக்குப் பொருந்தும், எவ்வளவு அகலமான பெல்ட் வேண்டும் என்று எழுத வேண்டும். சட்டைக்கும் துரு நீக்கிய செலவுக்கும் நான் எதுவும் கேட்கவில்லை. பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 எண்ணில் புகாரைப் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம். உங்கள் ஊருக்கு நான் வர வேண்டியதில்லை, பெங்களூருக்கு நீங்கள்தான் வர வேண்டியிருக்கும்.

பில் நகல், கிளிப், உறையின் வாய், துருப்புள்ளிகள் ஆகியவற்றின் படங்கள், உங்கள் பதிலின் நகல் ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

பின்குறிப்பு: இடுப்புச் சுற்றளவு 40 அங்குலம். அடுத்த பதிலுக்குத் தேவைப்பட்டால் பயன்படுத்திக்கொள்ளலாம்.