நாங்கள் ஏறாத படகு

ஹட்டன்
25.05.2025

அன்புள்ள நெட்டையா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் முடிகிற விஷயத்துக்குத் தபால்தலை ஒட்டி மூன்று தாள் எழுதியிருக்கிறாயே, அந்த ஒரு காரணத்துக்காகவே நானும் பேனாவை எடுத்தேன். இங்கே மழை பிடித்துக்கொண்டது. வெசாக் முடிந்த கையோடு மலையடிவாரத்து நல்லதண்ணியில் கடைகளைப் பிரித்துவிட்டார்கள், சிவனொளிபாத மலைக்குப் போகிற கூட்டம் இனி டிசம்பர் பௌர்ணமிப் போயாவுக்குத்தான். டவுனில் குடை திருத்துகிறவருக்கு மட்டும் நல்ல காலம்.

ஆகஸ்ட் விடுமுறையில் பிள்ளைகளோடு வருவதாகவும், ராஃப்டிங், சிப்லைன், மலையேற்றம், கூடாரம் எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்து வைக்கும்படியும் எழுதியிருக்கிறாய். உன் பட்டியலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அந்தப் பய வத்தளையில இருந்து இங்க நடக்குறதுக்கா வாறான்?" என்று கேட்டு, வெற்றிலை புரையேறுகிற அளவுக்குச் சிரித்தார். கோபித்துக்கொள்ளாதே. உன் பட்டியலில் உள்ள முக்கால்வாசியை என் இரண்டையும் இழுத்துக்கொண்டு முயன்று பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு ஐந்து.

முதலில் ராஃப்டிங், அதுதான் ரப்பர் படகில் ஆற்றோடு போவது. சித்திரை விடுமுறையில் கித்துல்கலைக்குப் போனோம். கினிகத்தேனை வழியாக வளைந்து வளைந்து இறங்குகிற அந்தப் பாதை உனக்குத் தெரியும். சின்னவன் இரண்டு தடவை வாந்தி எடுத்தான், இரண்டாவது என் மடியில். கீழே போய்ச் சேர்ந்தபோது ஒரே புழுக்கம். சுவெட்டர்களைக் கழற்றிப் பையில் திணித்தோம். லொறிகளின் மேல் ரப்பர் படகுகளை அடுக்கிக்கொண்டு போவதைப் பார்த்ததும் பிள்ளைகள் வாந்தியை மறந்துவிட்டார்கள்.

முன்னரே தொலைபேசியில் கேட்டிருந்தேன். "சின்ன ஆட்களும் ஏறலாம், பிரச்சினை இல்லை" என்றார்கள். அங்கே போய்ப் பெரியவளுக்கு லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, எல்லாப் பட்டியையும் இறுக்கிவிட்டு, இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே இழுத்துப் பார்த்தேன். ஜாக்கெட் காதைத் தாண்டி வந்துவிட்டது. தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மிதக்கும், பிள்ளை அதற்குள்ளிருந்து நழுவிவிடும். வேறு அளவு இல்லையா என்றேன். பெரியவர்களுக்கானது மட்டும்தான் இருந்தது. ஒரு பையன் கயிற்றைக் கொண்டுவந்து இடுப்பில் சுற்றிக் கட்டிவிடுகிறேன் என்றான். நல்ல பையன்கள்தான், ஆற்றையும் நன்றாகத் தெரிந்தவர்கள். ஆனால் சாமான் இல்லை. வேண்டாம் என்றேன். கொடுத்த முற்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. எந்த இடம் என்று கேட்காதே. நீ எங்கே போனாலும் அந்தத் தோள்பட்டையை இழுத்துப் பார்ப்பதை மட்டும் மறக்காதே.

களனி ஆறு அந்த இடத்தில் பார்வைக்குச் சாதுவாக இருக்கும். ஆனால் மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்து வருகிற தண்ணீர் அது. கித்துல்கலையில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே மேலே மஸ்கெலியாவில் கொட்டினாலோ, மின்நிலையத்தில் திறந்துவிட்டாலோ ஆற்றுமட்டம் ஏறிவிடும். அந்த ஊர்ப் பையன்கள் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிறார்கள். நீயும் நானும் வங்கிக் கணக்கைப் பார்க்கிற கண்ணோடு ஆற்றைப் பார்த்தால் ஒன்றும் விளங்காது.

பெரியவள் அழுத அழுகையைச் சொல்ல வேண்டியதில்லை. "அப்பா பயந்தாங்கொள்ளி" என்று படகுக்காரர்களுக்கும் கேட்கும்படி கத்தினாள். என்ன செய்வது, ஆற்றில் வந்து சேரும் ஒரு சின்ன ஓடையைக் கேட்டு விசாரித்து அங்கே போனோம். முழங்கால் அளவுத் தண்ணீர். கல்லை அடுக்கி அணை கட்டத் தொடங்கினார்கள். முதல் அணைக்கு எங்கள் பக்கத்து நீர்த்தேக்கத்தின் பெயர், காசல்ரீ. அது உடைந்ததும் இரண்டாவதைக் கட்டி மவுசாக்கலை என்று வைத்தார்கள். நானும் இறங்கி, ஆற்றில் விழுந்தால் எப்படிக் கிடக்க வேண்டும் என்று காட்டினேன்: மல்லாந்து படு, கால் இரண்டும் தண்ணீர் ஓடுகிற பக்கம் இருக்கட்டும், எழுந்து நிற்க மட்டும் முயலாதே. ஓடுகிற தண்ணீரில் எழுந்து நின்றால் கால் கல்லிடுக்கில் மாட்டிக்கொள்ளும், தண்ணீர் ஆளைக் குப்புறத் தள்ளிவிடும். இதை ஒரு விளையாட்டாக்கி ஆளுக்கு இருபது தடவை மிதந்தார்கள். என் வீட்டுக்காரி, உன் தங்கச்சி, கரையில் ரொட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோனாள். நான்கு மணித்தியாலம், மச்சான்! படகில் போயிருந்தால் இரண்டு மணித்தியாலத்தில் முடிந்திருக்கும். வீட்டுக்கு வந்து, பாடசாலைக்கு எழுதிக்கொண்டு போக வேண்டிய விடுமுறைக் கட்டுரையில் பெரியவள் ராஃப்டிங் போனதாகத்தான் எழுதினாள். அதை நான் திருத்தவில்லை.

சிப்லைனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லா என்கிற ஊரில் கம்பியில் தொங்கிக்கொண்டு தேயிலைக்கு மேலே பறக்கலாம். பெரியவர்களுக்கு நல்ல வேடிக்கைதான். எடை குறைந்த பிள்ளை கம்பியின் நடுவிலேயே நின்றுபோகும் வாய்ப்பு உண்டு. சின்ன ஆட்களுக்கு இடுப்பும் தொடையும் மட்டும் கட்டுகிற பட்டி போதாது, தலை கீழாகக் கவிழ்ந்தால் உருவிக்கொள்ளும். தோளையும் சேர்த்துக் கட்டுகிற முழு உடல் பட்டி இருக்கிறதா என்று கேள். எனக்கென்னவோ கொடுக்கிற காசுக்கு அது சீக்கிரம் முடிந்துவிடுகிற சந்தோசம்.

இப்போது நடையைப் பற்றி. உன் பட்டியலில் இருந்த பெக்கோ ட்ரெயில் என்கிற நெடும் நடைபாதை இங்கே எங்கள் வாசல் வழியாகத்தான் போகிறது. கண்டியிலிருந்து நுவரெலியா வரை சுற்றி வளைத்து 300 கிலோமீட்டருக்கு மேல், 22 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை, டயகம எல்லாம் அதில் வருகிறது. வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலைப் பெட்டி கொண்டுபோகப் போட்ட வண்டிப்பாதைகளும், நம் ஆட்கள் நடந்து நடந்து விழுந்த குறுக்குகளும்தான் அவை. மார்ச்சில் நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவைப் பக்கம் கிளம்பினோம். அம்மாவும் வருகிறேன் என்றார். முப்பத்திரண்டு வருடம் கொழுந்து பறித்த முழங்கால், வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

அன்றைக்கு நடைக்குத் தலைமை நான் இல்லை. "பேசிக்கிட்டே ஏறணும். பேச்சு நின்னா காலும் நிக்கணும்" என்று அம்மா ஒரு சட்டம் போட்டார். சின்னவன் ஓயாமல் பேசுகிறவன். அவன் பேச்சு தடுமாறும் இடத்தில் எல்லாரும் நின்றோம், உட்கார்ந்தோம், ஒரு மிடறு தண்ணீர் குடித்தோம். மலையேற்றப் பயிற்சிக்காரர்கள் இதையே ஆங்கிலத்தில் சொன்னால் நாம் குறித்துக்கொள்வோம். அட்டை ஏறாமலிருக்க, கிளம்பும் முன்னரே எல்லார் காலிலும் சவர்க்காரத்தைப் பூசிவிட்டார். கடித்த இடத்தில் பிடித்து இழுக்கக் கூடாது, நகத்தை ஓரத்தில் கொடுத்துத் தள்ள வேண்டும் என்று சின்னவனுக்குச் செய்து காட்டினார். இப்போது அவன் அட்டையைக் கண்டால் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறான். ஒரு பெரிய மரத்தடிக்கு வந்ததும் அம்மா வாயில் விரலை வைத்தார். மேலே குளவிக்கூடு. சத்தம் போடாமல், கையை வீசாமல், ஒருவர் பின் ஒருவராகக் கடந்தோம். குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவர்களின் கதை தோட்டத்து லயத்தில் வளர்ந்த நமக்குப் புதிது இல்லை. வத்தளைப் பிள்ளைகளுக்கு அது தெரியாது. சென்ட் பூசிக்கொண்டு வரவேண்டாம் என்று உன் வீட்டுக்காரி, என் தங்கச்சியிடமும் சொல்லி வை.

வழியில் வெளிநாட்டுக்காரர்கள் ஆறேழு பேர் இரண்டு கையிலும் ஊன்றுகோலோடு எங்களைத் தாண்டிப் போனார்கள். சிரித்தார்கள், சின்னவனுக்கு ஒரு டொஃபி கொடுத்தார்கள். கொஞ்சம் தள்ளி மேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களிடம் நின்று படம் எடுத்தார்கள். அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "கூடை இல்லாட்டி நம்மள யாரும் படம் புடிக்க மாட்டாங்க போல" என்றார். வருத்தமாகவும் சொல்லவில்லை, வேடிக்கையாகவும் சொல்லவில்லை. எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. பெரியவள் என் தொலைபேசியைப் பிடுங்கி, "அப்பாயி, அந்தக் கல்லில் ஏறி நில்லுங்க" என்றாள். பின்னால் காசல்ரீ நீர்த்தேக்கம், முன்னால் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு அப்பாயி. அந்தப் படத்தைத்தான் இப்போது வாட்ஸ்அப்பில் வைத்திருக்கிறேன். நீ கவனிக்கவில்லை போலிருக்கிறது.

மொத்தம் நான்கு கிலோமீட்டர்கூட நடந்திருக்க மாட்டோம். தேங்காய் ரொட்டியையும் கட்டச்சம்பலையும் தின்றுவிட்டுத் திரும்பிவிட்டோம். முழுப் பகுதியையும் முடித்தே தீருவேன் என்று நினைத்திருந்தால் கடைசியில் சின்னவனை நான் சுமந்திருப்பேன். அந்தப் பாடத்தை ஹோட்டன் சமவெளியில் போன வருடமே படித்தாயிற்று. சுற்று 9 கிலோமீட்டர்தானே என்று போனேன். ஆறாவது கிலோமீட்டரில் அவன் உட்கார்ந்துவிட்டான். கடல்மட்டத்திலிருந்து 2100 மீட்டருக்கு மேலே, காற்றும் தூறலும். பருத்திச் சட்டை நனைந்து உதடு நீலமாகிவிட்டது. சின்ன உடம்பு நம் உடம்பைவிடச் சீக்கிரம் குளிர்ந்துபோகும். உன் தங்கச்சி தன் சுவெட்டரைக் கழற்றி அவனைச் சுற்றினாள், நான் முதுகில் போட்டுக்கொண்டு வந்தேன். உலக முடிவு என்கிற செங்குத்து விளிம்பில் ஏறத்தாழ 870 மீட்டர் பள்ளம் என்கிறார்கள். நாங்கள் பார்த்தது வெள்ளை மூடுபனி மட்டும். நுழைவாயிலில் பிஸ்கட் பொட்டலத்தின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றச் சொன்னார்கள். பிள்ளைகளுக்கு அந்தப் பயணத்தில் நினைவிருப்பது அதுவும் மானும்தான்.

ஆகஸ்டுக்கு வருவோம். எங்கள் பக்கம் மேற்குச் சரிவு, அப்போது அடைமழை, ஆறு நிறையத் தண்ணீர். அதனால் ஹட்டனில் இரண்டு நாள் தங்கு, ஓடையை மறந்துவிடு, அம்மாவின் ரொட்டியைச் சாப்பிடு. பிறகு எல்லாருமாக ரயிலேறி ஊவாப் பக்கம் போவோம். அங்கே அந்த மாதங்களில் காய்ந்த கச்சான் காற்றுதான், மழை குறைவு. ஊவாத் தேயிலைக்கு அந்த மணம் வருவதே அந்தக் காற்றால் என்று தேயிலைத் தொழிற்சாலையில், நம் இஸ்டோரில், வேலை செய்த உன் அப்பா சொல்வாரே. பட்டிப்பொலையில், 1898 மீட்டரில், நாட்டின் உயரமான ரயில் நிலையத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். கதவில் தொங்கிப் படம் எடுப்பது மட்டும் நம் குடும்பத்தில் இல்லை, சொல்லிவிட்டேன்.

அப்புத்தளையில் இறங்கி, லிப்டன் சீட் என்கிற மலைமுகட்டுக்கு ஆட்டோவில் விடியற்காலையிலேயே ஏறிவிடுவோம். அங்கிருந்து தம்பேதன்னைத் தொழிற்சாலை வரை இறக்கத்தில் 7 கிலோமீட்டர் பாதை. பிள்ளைகள் கால் ஓயும் இடம் வரை நடப்போம், அதன்பிறகு வருகிற ஆட்டோவைக் கைகாட்டுவோம். பெருமைக்கு ஏற்றத்தில் நடப்பதைவிட இது எவ்வளவோ மேல். எல்லாவில் குட்டிச் சிவனொளிபாதத்துக்கு ஏறலாம், 1141 மீட்டர், என் சின்னவனுக்கே ஏலும். பெரிய சிவனொளிபாத மலைக்கு உன் மூத்தவனைப் பெப்ரவரியில் அனுப்பு. என் மகளும் நானும் இந்த வருடம் ஏறினோம். ஐயாயிரத்துச் சொச்சம் படியில் அவள் எனக்குத் தண்ணீர் கொடுத்துக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

கூடாரத்தை நம் முற்றத்தில் அடிப்போம். நடுராத்திரி எவனாவது அழுதால் பத்து அடியில் வீடு. கிளம்பும் நாளுக்கு முதல்நாள் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துக்கொள், பார்த்துவிட்டு எனக்கும் சொல்.

பிள்ளைகளின் சப்பாத்து அளவை எழுதி அனுப்பு. பெரியவளுக்குச் சின்னதாகிப்போன ரப்பர் பூட்ஸ் ஒரு சோடி இருக்கிறது, உன் இளையவளுக்குச் சரியாக வரும். வரும்போது அம்மாவுக்கு நீர்கொழும்புக் கருவாடு கொண்டு வா.

அன்புடன்,
கட்டையன்

பின்குறிப்பு: ஏழாம் வகுப்பில் நாம் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் நடந்துபோய், பாதி வழியில் ரயில் வந்து சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்ற கதையை என் பிள்ளைகளுக்கு முன்னால் எடுக்காதே. அம்மாவுக்கும் இன்னும் தெரியாது.